சோழர் கோயில்களும் கோடியக்கரையும்: ஒளிப்படப் பயணம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தை, மாசி மாதங்களில் ஆறு பேர் கொண்ட சிறு குழுவைத் தஞ்சாவூரிலிருந்து கடலோரப் பறவைச் சரணாலயமான கோடியக்கரை வரை கேமராவோடு அழைத்துப் போகிறேன். ஐந்து பகல், நான்கு இரவு. வர நினைப்பவர்கள் போனில் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருப்பதால் பதில்களை இங்கே எழுதி வைத்துவிட்டேன். படித்துவிட்டுக் கூப்பிட்டால் இரண்டு பேருக்கும் நேரம் மிச்சம்.

கோயிலும் பறவையும் ஒரே பயணத்திலா? இரண்டுக்கும் என்ன சம்பந்தம்?

காவிரிதான் சம்பந்தம். சோழர்களுக்குக் கோயில் கட்டும் வளத்தைக் கொடுத்ததும் அந்தத் தண்ணீர்தான். இன்றைக்கு அரியலூர் மாவட்டத்துக் கரைவெட்டி ஏரியில் வாத்துகளை இறக்குவதும் அதுதான். மேட்டூரில் திறக்கும் தண்ணீர் புள்ளம்பாடி வாய்க்கால் வழியாக அங்கே வந்து சேர்கிறது.

இன்னொரு காரணம் படம் எடுப்பவருக்கானது. கல் நகராது. அதன்மேல் வெயில் எப்படி ஏறி இறங்குகிறது என்று நிதானமாகப் பார்க்கலாம், தப்பு செய்யலாம், திரும்ப வந்து எடுக்கலாம். மூன்று நாள் அப்படிப் பழகியவர், நான்காம் நாள் நாற்பது மீட்டர் தூரத்தில் ஒரு கரண்டிவாயன் பறவை நிற்கும்போது பதறிப்போய் பட்டனை அமுக்குவதில்லை. முதலில் வெயில் எந்தப் பக்கம் என்று பார்க்கிறார். அதனால்தான் கோயிலை முன்னால் வைத்திருக்கிறேன்.

எங்கெல்லாம் போகிறோம்?

முதல் நாள் மாலை தஞ்சைப் பெரிய கோயில். இரண்டாம் நாள் விடியலில் கரைவெட்டி, மாலையில் திரும்பவும் பெரிய கோயில். மூன்றாம் நாள் காலை கங்கைகொண்ட சோழபுரம், மாலை தாராசுரம். நான்காம் நாள் வேதாரண்யம் போய்ச் சேர்ந்து, வெயில் தாழ்ந்ததும் உப்பளம். ஐந்தாம் நாள் முழுக்கக் கோடியக்கரை.

அவ்வளவுதானா? சிதம்பரம், திருவாரூர், முத்துப்பேட்டை எல்லாம் பக்கத்தில்தானே?

பக்கம்தான். முதல் வருடம் நானும் அப்படித்தான் நினைத்துப் பதினொரு இடம் போட்டேன். வந்தவர்களின் மெமரி கார்டில் நடுப்பகல் வெயிலில் எடுத்த கோபுரங்களும் வேன் கண்ணாடி வழியாக எடுத்த வயல்களும்தான் இருந்தன. நல்ல வெளிச்சம் காலையில் ஒன்றரை மணி நேரம், மாலையில் ஒன்றரை மணி நேரம். அந்த நேரத்தில் வண்டிக்குள் இருந்தால் பயணம் வந்ததற்கே அர்த்தமில்லை. பெரிய கோயிலுக்கு இரண்டு முறை போவதை வீண் என்று சொன்னவர்கள் உண்டு. அவர்களின் நல்ல படங்கள் பெரும்பாலும் இரண்டாவது முறை எடுத்தவையாகவே இருந்தன.

முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டுக்குப் படகில் போக ஆசைப்படுகிறவர்கள் ஒருநாள் கூடுதலாகத் தங்கலாம். அதை நான் நடத்துவதில்லை, ஏற்பாடு செய்ய மட்டும் உதவுகிறேன்.

பெரிய கோயிலை எந்த நேரத்தில், எங்கே நின்று எடுப்பது?

முதலாம் இராசராசன் எழுப்பி 1010இல் முடித்த கோயில், கிழக்குப் பார்த்தது. இந்த ஒன்றைத் தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. காலையில் நந்தி மண்டபத்தின் பக்கம் நின்றால் சூரியன் உங்கள் முதுகில். வாயில் கோபுரங்கள் கிழக்கை மறைப்பதால் முதல் வெயில் தரைக்கு வராது. கருவறைக்கு மேலுள்ள விமானத்தின் உச்சியில்தான் முதலில் விழும். அங்கிருந்து அடுக்கு அடுக்காக, 13 நிலைகளிலும் இறங்கி வரும். கீழே கல் இன்னும் நீலச் சாம்பலாக இருக்கும், மேலே பொன்னாகிவிடும். கால் மணி நேரம்கூட நிற்காத காட்சி அது. அதற்காகத்தான் கதவு திறக்கும் முன்பே வாசலில் நிற்கச் சொல்கிறேன். முந்தின இரவு ரயிலேறி முதல் நாள் காலையிலேயே வந்து இறங்குகிறவர்களுக்கு இது ஒரு கூடுதல் வாய்ப்பு.

மாலையில் அதே இடத்தில் நின்றால் சூரியன் விமானத்துக்குப் பின்னால் போய்விடும். கறுப்பு நிழலுரு மட்டும் கிடைக்கும். அது பிடித்தவர்கள் எடுக்கலாம். கல்லின் நிறம் வேண்டுமென்றால் பின்பக்கம், தென்மேற்கு மூலையில் திருச்சுற்று மாளிகை (கோயிலைச் சுற்றி ஓடும் தூண் மண்டபம்) ஓரமாக வந்து நில்லுங்கள். தை மாதத்தில் சூரியன் தெற்கே சாய்ந்தே போவதால் தென்சுவரில் நாள் முழுக்க வெயில் இருக்கும். வடசுவர் பகல் முழுக்க நிழல். சிற்பத்தின் ஆழம் தெரிய வேண்டுமானால் தெற்கு, மென்மையாக வேண்டுமானால் வடக்கு.

216 அடி உயர விமானத்தைக் கிட்டே நின்று அண்ணாந்து எடுத்தால் அது பின்னால் சாய்ந்து விழுவதுபோல் வரும். மூலைக்குப் போய், கேமராவை அண்ணாத்தாமல் நேராகப் பிடித்து, கீழே வரும் வெறும் தரையைப் பிறகு வெட்டிவிடுங்கள். அந்தத் தரையில் யாராவது ஒருவர் நடந்தால் வெட்டவே வேண்டாம்; கோயில் எவ்வளவு பெரிது என்பதை அவர் சொல்லிவிடுவார்.

விமானத்தின் நிழல் தரையில் விழாது என்கிறார்களே?

விழும். ஐந்து மணிக்குப் பிறகு வடகிழக்குப் பக்கம் நீண்டு கிடக்கும் நிழலை நீங்களே எடுப்பீர்கள். அந்தப் படத்தோடு வீட்டுக்குப் போனவர்களுக்குக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் கிடைத்த வரவேற்பு கொஞ்சம் கலவையானது என்று கேள்வி.

ட்ரைபாட், ட்ரோன் கொண்டு வரலாமா?

ட்ரோன் வேண்டாம். கோயில்களில் தொல்லியல் துறையும், சரணாலயத்தில் வனத்துறையும் விடமாட்டார்கள். வண்டியிலேயே வைத்துக்கொள்கிறேன் என்றாலும் வேண்டாம். மூன்று கோயில்களும் இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளவை. கையில் பிடித்து எடுக்கத் தடை இல்லை. ட்ரைபாட் வைக்கத் தனியாக முன் அனுமதி வேண்டும். கருவறையில் படம் எடுக்கக் கூடாது. இவை இன்றும் பூசை நடக்கும் கோயில்கள். தீபாராதனை நேரத்தில் கேமரா கீழே இருக்கட்டும்.

தாராசுரத்திலும் கங்கைகொண்ட சோழபுரத்திலும் எதைப் பார்த்து எடுப்பது?

தாராசுரம் சின்னக் கோயில். இரண்டாம் இராசராசன் காலம், 12ஆம் நூற்றாண்டு. எல்லோரும் தேர்ச் சக்கரத்தையும் குதிரையையும் எடுத்துவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். நான் குனியச் சொல்வேன். கருவறையின் வெளிச்சுவரில், அடித்தளத்தை ஒட்டி, நாயன்மார் கதைகள் சின்னச் சின்னப் பலகைகளாக ஓடுகின்றன. நின்றுகொண்டு எடுத்தால் சிற்பம் மேலிருந்து நசுங்கினமாதிரி வரும். தரையில் உட்கார்ந்து, கேமராவைச் சிற்பத்தின் மட்டத்துக்கு இறக்க வேண்டும். பக்கவாட்டில் சாய்ந்து வெயில் வரும் பத்து நிமிடத்தில் விரல்நகம் அளவு முகங்களில் மூக்கும் உதடும் எழுந்து வரும். வெயில் வராத பக்கத்துக்கு ஒரு வெள்ளைத் துண்டு போதும். ஒருவர் எதிரே விரித்துப் பிடித்தால் அதில் பட்டுத் திரும்பும் வெளிச்சமே பிளாஷ். யானையும் காளையும் ஒரே தலையைப் பகிர்ந்துகொள்ளும் சிற்பமும் இங்கே உண்டு. ஒரு பாதியைக் கையால் மறைத்தால் யானை, மறுபாதியை மறைத்தால் காளை. இதை ஒரே படத்தில் எப்படிச் சொல்வது என்று ஒவ்வொரு குழுவிலும் சண்டை நடக்கும். கடைசியில் யாராவது ஒருவர் கையையும் சேர்த்தே எடுப்பார்கள்.

முதலாம் இராசேந்திரனின் கங்கைகொண்ட சோழபுரத்தில், வடக்கு வாசல் படிக்கட்டருகே சண்டேசரின் தலையில் சிவன் கொன்றை மாலை சுற்றும் சிற்பம். இந்தப் பருவத்தில் அந்தப் பக்கம் நிழல் என்பதால் அவசரமே இல்லை. முழுச் சிற்பத்தையும் எடுத்த பிறகு, மாலை சுற்றும் விரல்களை மட்டும் ஒருமுறை எடுத்துப் பாருங்கள்.

ஐப்பசிப் பௌர்ணமி அன்னாபிஷேகத்தன்று இங்கே கூட்டம் அலைமோதும். திருவிழாப் படம் வேண்டுவோர் அன்று வரலாம்; சிற்பம் வேண்டுவோர் வரக் கூடாது.

எனக்கு என்ன லென்ஸ் தேவை? போன் கேமரா மட்டும் இருந்தால் வரலாமா?

வரலாம். கோயிலில் போன் யாருக்கும் குறைந்ததில்லை. பல நேரம் அதுதான் நல்ல படத்தைத் தருகிறது. பறவைக்கு ஏமாற்றம்தான். அங்கே என் பைனாகுலரைத் தருகிறேன், பார்த்து ரசிக்கலாம்.

கேமரா உள்ளவர்கள் 18-55 போன்ற சாதாரண லென்ஸ் ஒன்று, தூரத்தைக் கிட்டே இழுக்கும் 70-300 அல்லது 100-400 ஒன்று என்று இரண்டு கொண்டு வந்தால் போதும். 150-600 இருந்தால் நல்லது, ஆனால் அதை இதற்காகவே வாங்காதீர்கள், வாடகைக்கு எடுங்கள்.

ட்ரைபாடைவிட வேனில் உதவுவது அரிசிப் பை. பழைய ஜீன்ஸ் காலை வெட்டி இரண்டு பக்கமும் தைத்து, ஒரு பக்கம் மட்டும் ஜிப் வையுங்கள். வெறும் பையாகக் கொண்டு வாருங்கள். தஞ்சாவூரில் இரண்டு கிலோ அரிசி வாங்கி நிரப்பி, ஜன்னல் விளிம்பில் போட்டு அதன்மேல் லென்ஸை வைத்தால் அசையாது. கடைசி நாள் அரிசியைச் சாப்பிடும் மெஸ்ஸிலேயே கொடுத்துவிடுவோம்.

கோடியக்கரையில் பூநாரை நிச்சயம் பார்க்கலாமா?

நிச்சயம் என்று யாராவது சொன்னால் அவர்களோடு போகாதீர்கள்.

கோடியக்கரை 1967இல் சரணாலயமானது. 2002இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. பூநாரை, ஆலா, உள்ளான், உப்புக்கொத்தி எல்லாம் வடகிழக்குப் பருவமழைக்குப் பிறகு இங்கே கூடுவது வழக்கம்தான். ஆனால் அவற்றுக்குத் தேவை கணுக்கால் முதல் முழங்கால் வரையிலான தண்ணீர். பூநாரை நின்ற இடத்திலேயே சேற்றை மிதித்துக் கலக்கி, அலகைத் தலைகீழாகக் கவிழ்த்து வடிகட்டித் தின்னும். மழை கொட்டித் தீர்த்த வருடம் சதுப்பு ஆழமாகிவிடும். அவை வேறு இடம் தேடிப் போய்விடும். மழை பொய்த்தால் தரை வெடித்துக் கிடக்கும். ஒரு வருடம் அடிவானம் முழுக்க இளஞ்சிவப்பாக ஒரு கோடு. அடுத்த வருடம் அதே இடத்தில் பதினேழு பறவைகள். அந்தப் பதினேழில் எடுத்த படம்தான் என் வீட்டுச் சுவரில் இருக்கிறது.

கரைவெட்டியிலும் இதே கதைதான். வரித்தலை வாத்து இமயமலை தாண்டி அங்கே வருவது உண்மை. நாம் போகும் அன்று கரையோரம் இருக்குமா, ஏரி நடுவில் புள்ளியாக இருக்குமா என்பது அதன் விருப்பம்.

பறவைகள் கூட்டமாக எழுந்து பறக்கும் படம் வேண்டும். கிளப்பிவிட முடியுமா?

முடியாது. ஒருமுறை ஒருவர் என் கண்முன்னாலேயே ஓட்டுநரிடம், “அண்ணே, ஒரு ஹாரன் அடிங்க” என்றார். அடிக்கவில்லை. அந்தப் பறவை அன்றைக்குச் சேற்றில் சலித்துத் தின்றதெல்லாம் திரும்பிப் பறக்கும் நாளுக்கான சேமிப்பு. நம் ஒரு படத்துக்காக அதைக் காலி பண்ணக் கூடாது. கல் எறிவது, கை தட்டுவது, போனில் பறவைக் குரலை ஓடவிட்டுக் கூப்பிடுவது, கூட்டுக்குப் பக்கத்தில் போவது, எதுவும் கிடையாது. மீறினால் மிச்ச நாள் வண்டியிலேயே உட்கார வேண்டியதுதான்.

காத்திருந்தால் அவையாகவே எழும். பருந்து ஒன்று மேலே வட்டமிட்டால் எழும். இரை தீர்ந்தால் எழும். பறக்கும் முன்பு கழுத்தை நீட்டி, எல்லாம் ஒரே பக்கம் நடக்கத் தொடங்கும். காற்றுக்கு எதிராகத்தான் கிளம்பும். ஆகவே காற்று எந்தப் பக்கம் என்று பார்த்து, வினாடியில் 2000இல் ஒரு பங்கு வேகம் வைத்துத் தயாராக இருங்கள்.

வெள்ளைப் பறவையை எடுத்தால் இறகெல்லாம் எரிந்து வெறும் வெள்ளையாக வருகிறதே?

கேமரா எதைப் பார்த்தாலும் அதைச் சராசரிச் சாம்பலாக்கப் பார்க்கும். பின்னால் கரும்பச்சைக் காடு இருந்தால் அதைப் பார்த்து வெளிச்சத்தைக் கூட்டிவிடும், பறவை எரிந்துவிடும். அங்கே எக்ஸ்போஷரை மூன்றில் இரண்டு ஸ்டாப் குறையுங்கள் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரட்டிப்பது அல்லது பாதியாவது). பின்னால் வெளுத்த வானம் என்றால் நேர்மாறு. பறவை கறுத்துப்போகும், ஒரு ஸ்டாப் கூட்டுங்கள். உப்பளம் முழுக்க வெள்ளை என்பதால் அங்கேயும் கூட்ட வேண்டும், இல்லையென்றால் உப்பு சிமெண்ட்போல வரும். திரையை நம்பாதீர்கள், வெயிலில் அது பொய் சொல்லும். படத்தின் இருட்டும் வெளிச்சமும் எவ்வளவு என்று காட்டும் ஹிஸ்டோகிராம் வரைபடத்தைப் பாருங்கள்.

இன்னொன்று: ஒன்பது, ஒன்பதரைக்கு மேல் சதுப்பு நிலத்தில் கானல் எழும். அதன்பிறகு தூரத்துப் பறவையை எவ்வளவு விலை லென்ஸில் எடுத்தாலும் தண்ணீருக்குள் இருப்பதுபோல நெளிந்துதான் வரும். லென்ஸில் கோளாறு என்று சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோனவர்கள் உண்டு. அந்த நேரத்தில் நாங்கள் இட்லி சாப்பிடப் போய்விடுவோம்.

வெளிமானைக் கிட்டத்தில் பார்க்கலாமா? வேறு என்ன விலங்குகள்?

வெளிமான்தான் இந்தச் சரணாலயத்தின் முதன்மை. ஆணுக்கு முதுகு கறுப்பு, வயிறு வெள்ளை, திருகிய கொம்பு; பெண்ணும் குட்டியும் மண்ணிறம். வண்டியை விட்டு இறங்கி அதை நோக்கி நடக்க வேண்டாம். மேய்வதை நிறுத்தித் தலையைத் தூக்கிவிட்டது என்றால் நாம் வரவேண்டிய தூரத்தைத் தாண்டிவிட்டோம் என்று பொருள். அங்கேயே நின்று பேசாமல் இருந்தால் ஐந்து நிமிடத்தில் மறுபடி மேயும். மாலை வெயிலுக்கு எதிராக எடுத்தால் உடல் கறுத்து, ஓரத்தில் மட்டும் மயிர்கள் பொன்னிழையாகத் தெரியும்.

புலி, யானை இல்லை. புள்ளிமான், நரி, காட்டில் விடப்பட்டுப் பெருகிய மட்டக்குதிரைகள் உண்டு. குதிரை படத்துக்கு அழகுதான், ஆனால் மானுக்கான புல்லை அதுவும் தின்கிறது. வானுயர் மரங்களை எதிர்பார்க்காதீர்கள். குட்டையான, அடர்ந்த, கடலோர உலர் பசுமைமாறாக் காடு. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கரை கடந்த கஜா புயல் முறித்துப்போட்ட மரங்களின் அடையாளம் இங்கே இன்னும் அழியவில்லை.

உடை, செருப்பு, கழிவறை?

சாம்பல், பழுப்பு, மங்கிய பச்சை உடை. வெள்ளையும் சிவப்பும் வேண்டாம். புல்வெளியில் உண்ணி உண்டு. முழுக்கால் பேன்ட் போட்டு அதன் கீழ்நுனியைச் சாக்ஸுக்குள் விட்டுக்கொள்ளுங்கள். கோயிலில் வெறுங்கால், மூன்று மணிக்குக் கல்தரை தோசைக்கல்போல இருக்கும், சாக்ஸ் உதவும். சதுப்பில் நான் காட்டும் கரையைத் தாண்டி இறங்காதீர்கள். காய்ந்த மேல்தோலை நம்பி நானே ஒருமுறை முழங்கால்வரை இறங்கி, கேமராவைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு கால்மணி நேரம் நின்றிருக்கிறேன். செருப்பு இன்னும் அங்கேதான்.

கழிவறை விஷயத்தை மறைக்காமல் சொல்கிறேன். வேதாரண்யத்தில் தங்கும் அறையை விட்டால் காலை முழுக்க வசதி குறைவு. பெண்கள் கேட்கத் தயங்குகிறார்கள் என்பதால் நானே முன்னால் சொல்லிவிடுவது வழக்கம். இடையில் ஒருமுறை ஊருக்குள் திரும்பி வருவதை நேரக்கணக்கிலேயே சேர்த்திருக்கிறேன்.

கேமராவுக்கு என்ன பாதுகாப்பு?

உப்புக்காற்றுதான் எதிரி. ஒவ்வொரு மாலையும் ஈரத்துணியைப் பிழிந்து கேமராவின் உடம்பையும் லென்ஸின் வெளிப்புறத்தையும் துடைத்து, அப்புறம் உலர்ந்த துணியால் ஒருமுறை. ஏசி அறையிலிருந்து நேராக வெளியே எடுத்தால் கண்ணாடி பூத்துவிடும். பையை மூடியபடியே அரை மணி நேரம் முன்னால் வராந்தாவில் வைத்துவிடுங்கள்.

கட்டணத்தில் என்னென்ன அடங்கும்? தேதி எப்படி முடிவாகிறது?

தங்குமிடம், வேன், காலை இரவு உணவு, சரணாலய நுழைவு, கேமரா கட்டணம் அடங்கும். ரயில் செலவும் மதியச் சாப்பாடும் உங்களுடையது. தை அமாவாசைக்குக் கோடியக்கரை ஆதிசேதுவில் நீராடப் பெருங்கூட்டம் வரும் என்பதால் அந்த வாரத்தை விட்டுவிடுகிறேன். மழையைப் பார்த்துத்தான் தேதி. பூநாரை இல்லை என்பதற்காகப் பணம் திரும்பாது. வனத்துறை சரணாலயத்தை மூடினால் அந்த நாளுக்கானது திரும்பும்.

உப்பளத்தில் வேலை செய்பவர்களைப் படம் எடுக்கலாமா?

கேட்டுவிட்டு எடுக்கலாம். மாசியில் வேலை சூடுபிடிக்கத் தொடங்கும். பாத்தியில் பலகையால் உப்பை இழுத்துக் குவிக்கும் அழகுக்காகவே பலர் வருகிறார்கள். கேமராவைத் தோளில் போட்டுக்கொண்டு போய், முதலில் பேசுங்கள். “அக்கா, ஒரு படம் எடுத்துக்கட்டுமா?” என்றால் பெரும்பாலும் சரி என்பார்கள். வேண்டாம் என்றால் வேண்டாம்தான். தூரத்திலிருந்து பெரிய லென்ஸில் திருடி எடுப்பதை நான் விடுவதில்லை. வேலையை நிறுத்தி இப்படி நில்லுங்கள், அப்படி இழுங்கள் என்று சொல்வதும் கூடாது. அவர்களுக்கு நேரத்துக்குள் முடிக்க வேண்டிய வேலை இருக்கிறது.

சில வருடங்களுக்கு முன்பு ஒரு அக்கா, கண்ணுக்குமேல் கையை வைத்து எங்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே சொன்னார்: “எடுங்க தம்பி. போன வருசம் எடுத்தவங்களும் அனுப்புறேன்னுதான் போனாங்க.” அதிலிருந்து, முந்தைய குழு எடுத்த படங்களை ஆறுக்கு நான்கு அளவில் பிரிண்ட் போட்டு, உறையில் வைத்து அடுத்த குழுவோடு கொண்டு போகிறேன். உப்பளத்தில் இறங்கியதும் முதல் வேலை அதைக் கொடுப்பது. நீங்கள் எடுப்பதில் யாருடைய முகமாவது இருந்தால் ஊர் திரும்பி ஒரு வாரத்துக்குள் எனக்கு அனுப்பிவிடுங்கள். பிரிண்ட் செலவு என்னுடையது.